நானோ ஆம்பியர் கணக்கு: பீன்யா பட்டறை நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

பெங்களூரு பீன்யாவில் உள்ள எங்கள் சிறு பட்டறையில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான தண்ணீர் மீட்டர் ஒன்றை வடிவமைத்து வருகிறோம். 2400 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரே லித்தியம் பேட்டரியில் அது பத்தாண்டுகள் ஓட வேண்டும். மீட்டரை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப் பெரும்பாலும் உறக்கத்தில்தான் இருக்கும். ஆனால், பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் அதை ரீசெட்டில், அதாவது இயங்கவிடாமல் தொடக்க நிலையில், பிடித்து வைக்கும் காவல்காரனான வோல்டேஜ் சூப்பர்வைசர் சிப்புக்கு உறக்கமே கிடையாது. பத்தாண்டு என்பது 87,600 மணி நேரம்; ஒரு மைக்ரோ ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் 87.6 மில்லி ஆம்பியர்-மணி போய்விடும். பழைய போர்டில் நாங்கள் போட்டிருந்த சிப் 17 மைக்ரோ ஆம்பியர் எடுப்பது. பத்தாண்டுக்குப் பெருக்கிப் பார்த்தபோது ஏறத்தாழ 1490 மில்லி ஆம்பியர்-மணி வந்தது. பேட்டரியில் பாதிக்கு மேல் காவல்காரனுக்கே கூலியாகப் போகிறது. இவ்வளவு நாள் இதைக் கவனிக்காமல் இருந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

9 ஜூலை, புதன்

மின்னணுப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தேன். 809 வகை சூப்பர்வைசர் சிப் கேட்டபோது கடைக்காரர் இரண்டு உறைகளை எடுத்துவைத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார், எதை வேணும்னாலும் போடுங்க" என்றார். கால்களின் வரிசையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால் 809 என்ற எண்ணில் பல நிறுவனங்கள் சிப் செய்கின்றன; ஒன்று பத்து மைக்ரோ ஆம்பியருக்கு மேல் எடுக்கும், இன்னொன்று ஒரு மைக்ரோ ஆம்பியரைக்கூடத் தொடாது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து ரீசெட் ஆகும் மின்னழுத்தத்தை மட்டுமே சொல்லும்: எஸ் என்றால் 2.93 வோல்ட், டி என்றால் 3.08. மின்னோட்டத்தைப் பற்றி அந்த எழுத்தில் எதுவும் இல்லை. ஆகவே தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று திரும்பிவிட்டேன்.

10 ஜூலை, வியாழன்

நாள் முழுதும் டேட்டாஷீட்டுகளிலேயே கழிந்தது. டிபிஎஸ்3838 என்ற சூப்பர்வைசர் சிப்பின் டேட்டாஷீட் முதல் பக்கத்தில் 220 நானோ ஆம்பியர் என்கிறது; ஆயிரம் நானோ சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோ. முதல் பக்கத்து எண் பெரும்பாலும் 'டைப்பிக்கல்' எண், அதாவது 25 டிகிரி அறையில் எதிர்பார்க்கக்கூடியது. மொட்டை மாடியில் வெயில் படும் மூடிய பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் கணக்கை அந்த எண்ணை நம்பிப் போட முடியாது. உள்ளே பார்த்து, முழு வெப்ப வரம்புக்கும் உரிய 'மேக்ஸிமம்' பத்தியைத்தான் எடுக்க வேண்டும். அதே அட்டவணையில், மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே இறங்கிய நிலைக்குத் தனி வரி இருக்கும். ரீசெட்டில் நிற்கும்போது சில சிப்கள் பல மடங்கு அதிகம் எடுக்கின்றன. அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள அடிக்குறிப்பையும் விடக்கூடாது: வெளியீட்டில் சுமை இல்லை, கையால் ரீசெட் செய்வதற்கான 'மேனுவல் ரீசெட்' கால் எதனுடனும் இணைக்கப்படவில்லை என்ற நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும்.

12 ஜூலை, சனி

அந்த டிபிஎஸ்3838 எடுக்கும் மின்னோட்டத்தை அளந்து பார்த்தோம். சாதாரண மல்டிமீட்டரால் நானோ ஆம்பியரை நேராகக் காட்ட முடியாது என்பதால், 3.6 வோல்ட் மின்வழியில் 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளந்தோம். ஒரு மில்லிவோல்ட் என்றால் பத்து நானோ ஆம்பியர். மீட்டரின் 10 மெகா ஓம் உள்தடையால் வரும் பிழை ஒரு சதவீதம்தான். 25 மில்லிவோல்ட் அளவில் எதிர்பார்த்தோம். வந்ததோ வோல்ட் கணக்கில்!

சிப் கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தேன். உடன் வேலை செய்யும் ஸ்ரீராம்புரத்துத் தம்பிதான், "அண்ணா, ரீசெட் கால் கீழேயே இருக்கு, பாருங்க" என்றான். விஷயம் இதுதான். வெளியீடு ஓப்பன் டிரெய்ன் வகை, அதாவது தரையோடு இணைக்க மட்டுமே தெரிந்தது; அதை மேலே இழுத்து வைக்க மின்வழியிலிருந்து 100 கிலோ ஓம் 'புல்-அப்' மின்தடை போட்டிருந்தோம். மின்சாரம் வந்ததும் சிப் ரீசெட்டில் தொடங்கி வெளியீட்டைத் தரையோடு இணைக்கிறது. புல்-அப்பும் அளப்பதற்காக வைத்த அளவுத் தடையும் 3.6 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன, சிப்புக்கு 1.8 வோல்ட்டுக்கு மேல் கிடைக்காததால் அது ரீசெட்டை விடும் 2.93 வோல்ட்டை எட்டவே முடியாமல் ரீசெட்டிலேயே நின்றுவிடுகிறது. அளவுத் தடையை ஒரு கம்பியால் குறுக்கே இணைத்து, சிப் ரீசெட்டை விட்டபின் கம்பியை எடுத்ததும் எண் மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது.

இறங்கியும் 44 மில்லிவோல்ட்டில் நின்றது. கால்களுக்கு இடையில் பழுப்பாகக் காய்ந்திருந்த, பற்றவைக்கும்போது பூசும் ஃப்ளக்ஸ் கண்ணில் பட்டது. மழை ஈரத்தில் அதுவே ஒரு மின்தடை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்து உலர்த்திய பிறகு 26 மில்லிவோல்ட்.

16 ஜூலை, புதன்

சிப்பின் மின்வழியில் உள்ள மின்தேக்கியின் கசிவும் இந்த 26 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறது என்பது இன்று உறுதியானது. 10 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கியைக் கழற்றி 0.1 மைக்ரோ ஃபாரட் வைத்ததும் 2 மில்லிவோல்ட் குறைந்தது. பத்தாண்டுக் கணக்கில் சிப்புக்கு அரை மைக்ரோ ஆம்பியர் என்று தாராளமாகவே எழுதினேன்: 43.8 மில்லி ஆம்பியர்-மணி. பழைய 1490-க்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதியபோது மனம் நிறைந்தது.

பொருள் பட்டியலில் சிப்பின் முழு எண்ணையும் தயாரிப்பாளர் பெயரையும் எழுதி, "கேட்காமல் மாற்றுச் சிப் போடக்கூடாது" என்று சிவப்பில் குறித்துக் கொள்முதல் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்.