பனம்பழக் கேசரி: இதுவரை வந்த தூரம்

அன்னாசிக் கேசரி இல்லாத கல்யாணப் பந்தி எங்கள் பக்கம் அபூர்வம். இலை ஓரத்தில் மஞ்சளாக ஒரு கரண்டி விழும், வாசனை தூக்கும், பழத்தைத் தேடினால் துண்டு ஒன்றோ இரண்டோ அகப்படும். மற்றதெல்லாம் எசன்ஸும் கேசரிப் பவுடரும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஊருக்கே கிண்டிப் போடுகிற சமையல்காரர் அண்டா அண்டாவாகப் பழத்தை வெட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஆனால் வீட்டில் நாலு பேருக்குச் செய்யும்போதும் அதே பாட்டிலைத் திறக்க வேண்டுமா? அந்தக் கேள்வியில்தான் இந்த வேலை தொடங்கியது. எசன்ஸ் வேண்டாம், கலர் வேண்டாம், பழம் மட்டுமே ருசி கொடுக்க வேண்டும். நாங்கள் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளி பக்கம். திரும்பின திசையெல்லாம் பனை. அதனால் அன்னாசியில் கையைப் பழக்கிக்கொண்டு பனம்பழத்துக்குப் போவது என்று முடிவு.

அன்னாசி எளிது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பழத்தைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் சர்க்கரை போட்டுத் தனியே வேகவைத்துக்கொள்ள வேண்டும். அப்போது இறங்கும் சாற்றையும் தண்ணீர் அளவுக்குள் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எசன்ஸ் கேசரிக்கும் பழக் கேசரிக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். எசன்ஸ் நாலு சொட்டு, அதற்கு எடையும் இல்லை, ஈரமும் இல்லை. பழம் போகும் இடத்துக்குத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு கப் ரவைக்கு இரண்டரைக் கப் தண்ணீர் என்றால் அந்த இரண்டரைக்குள் சாறும் அடங்க வேண்டும். மேலே போனால் கேசரி களியாகிவிடும்.

பால் ஊற்றிச் செய்யும் கேசரிக்கு அன்னாசி ஒத்துவராது. பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். வேகவைத்தால் நொதி அடங்கும், ஆனாலும் புளிப்பு போகாது, பால் திரியும். பால் ஊற்றத் தோன்றினால் மாம்பழத்துக்குப் போய்விடலாம். நல்ல இனிப்பு மாம்பழக் கூழ் பாலோடு சண்டை போடாது. மாம்பழக் கேசரி நன்றாகவே வந்தது, வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. எனக்குத்தான் அதில் ஆர்வம் நிற்கவில்லை. மாம்பழத்தை எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், அதில் நாம் செய்தது என்ன?

சர்க்கரையை எப்போது போடுவது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரவை முழுக்க வெந்த பிறகுதான். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ரவையின் மாவுச்சத்து உப்பி வேக அந்தத் தண்ணீர்தான் வேண்டும். முன்னாலேயே போட்டால் எவ்வளவு நேரம் கிண்டினாலும் பல்லில் நறநறவென்று நிற்கும். வெந்த பிறகு போட்டால் கேசரி ஒரு தடவை நன்றாக இளகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் மறுபடி இறுகும்.

இன்னொன்று தண்ணீர். எங்கள் கடலோரத்தில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. குளிக்க, துவைக்கச் சரி. குழம்பில் போட்டால்கூடப் புளியும் காரமும் அதை மூடிவிடும். இனிப்பில் மூடாது, நாக்கின் அடியில் ஒரு கரிப்பு தங்கும். சோற்றுக்கு எடுக்கும் நல்லதண்ணியில்தான் கேசரியும் கிண்ட வேண்டும்.

சரி, பனம்பழம்.

நுங்கு விலைக்கு வரும். பனங்கிழங்கு தை மாதத்தில் கட்டுக்கட்டாக வரும். பனம்பழத்தை மட்டும் கடையில் பார்ப்பது அரிது. அது வாங்கும் பொருள் இல்லை, பொறுக்கும் பொருள். ஆடியில் விழ ஆரம்பித்து ஆவணி, புரட்டாசி வரை தானாக விழும். விடிகாலையில் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். வெயில் ஏறினால் ஆடு கடித்திருக்கும், இல்லையென்றால் எறும்பு ஏறியிருக்கும். எடுத்த பழத்தை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும், இந்த வெக்கையில் ஒரே நாளில் புளித்து நுரைத்துவிடும். தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் தெரிந்துவிடும் அப்படி ஒரு வாசனை அதற்கு. பிடிக்காதவர்களுக்கு அது நாற்றம். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு.

சிக்கல் கசப்பில்தான். பனம்பழச் சதையில் இனிப்போடு ஒரு காறல் இருக்கிறது. ஃபிளாபெல்லிஃபெரின் என்ற சேர்மங்கள் அதற்குக் காரணம், சீயக்காயை நுரைக்க வைக்கும் சப்போனின் வகையைச் சேர்ந்தவை. மரத்துக்கு மரம் இது மாறும். ஒரு மரத்துப் பழம் தேனாக இருக்கும், பத்தடி தள்ளி நிற்கும் மரத்துப் பழம் தொண்டையைப் பிடிக்கும். ஆகவே கிண்டும் முன் பச்சைக் கூழை நாக்கில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். மோசமாகக் காறினால் அந்தப் பழத்தை ஆட்டுக்கு விட்டுவிடுவது நல்லது, எந்த வித்தையும் அதை முழுசாகச் சரிசெய்யாது.

கூழ் எடுக்க இரண்டு வழி பார்த்தேன். வேகவைத்து எடுத்தால் வேலை சுலபம், ஆனால் கூழ் நீர்த்து வரும், ருசியும் மட்டம். கொட்டாங்கச்சித் தணலில் பழத்தைத் திருப்பித் திருப்பிச் சுட்டு, கருகிய தோலை உரித்து எடுத்தால் கூழ் கெட்டி, லேசான புகை வாசனையும் கூட வரும். கேசரிக்குச் சுட்ட பழம்தான் என் கட்சி. அடுப்படியில் கேஸில் சுட முயல வேண்டாம். சாறு வழிந்து பர்னர் துளையை அடைத்தால் தேய்த்து எடுப்பதற்குள் ஆசையே போய்விடும்.

தோல் உரித்ததும் கொட்டைகளைப் பிரித்து, சுற்றியிருக்கும் நாரோடு சேர்த்துப் பிசைந்து பிழிய வேண்டும். பெரும்பாலும் ஒரு பழத்துக்கு மூன்று கொட்டை. தண்ணீர் தெளிக்கலாம், ஊற்றக் கூடாது. கம்பிச் சல்லடையில் தேய்த்தால் நாரின் பிசிறு தங்கிவிடும், கீழே ஆரஞ்சு நிறத்தில் கூழ் இறங்கும். அதை வேட்டித் துணியில் முடிந்து, அடியில் கிண்ணம் வைத்து ராத்திரி முழுக்க வடியவிட்டேன். வங்காளத்தில் இதே பழத்தில் பலகாரம் செய்கிறவர்கள் கசப்பு நீர் இறங்குவதற்காக இப்படித் தொங்கவிடுவது வழக்கம். நம் ஊர்ச் சூட்டில் வெளியே தொங்கவிட்டால் காலையில் கள்ளாகியிருக்கும், ஃபிரிட்ஜுக்குள்தான் வைக்க வேண்டும். கிண்ணத்தில் வடிந்த நீரை ஒரு சொட்டு ருசி பார்த்தால் அந்த வழக்கத்தின் அருமை தெரியும்.

பிழிந்த கொட்டைகளைத் தோட்டத்து மணலில் புதைத்துவிட்டோம். கிழங்குக்கு ஆச்சு.

முதலில் அன்னாசிக் கேசரி முறையையே அப்படியே பிடித்தேன். ரவையை வேகவைத்து, சர்க்கரை போட்டு, கடைசியில் கூழைக் கலப்பது. நிறம் அருமை. ருசியில் பழம் தனியாக நின்றது, பச்சை வாசம் போகவே இல்லை. இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஊர்த் தொதல் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து விறகடுப்பில் மணிக்கணக்காகக் கிண்டி, எண்ணெய் பிரிந்து வரும்போது இறக்கும் இனிப்பு அது. தொதல் கிண்டிய கைக்குக் கேசரி ஒரு வேலையே இல்லை. ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தம்பி, பழத்தை நீங்க வேகவே விடலையே. தேங்காய்ப்பாலோட சேர்த்து முதல்ல அதைக் காய்ச்சுங்க. எண்ணெய் கக்கட்டும். அப்புறம் ரவையைப் பாருங்க."

அங்கிருந்துதான் விஷயம் பிடிபட்டது. அடி கனமான சட்டியில் இரண்டு கரண்டி நெய் விட்டு, கூழையும் கெட்டியான முதல் பாலையும் சேர்த்துச் சிறு தீயில் வைத்தால், முதலில் தெறிக்கும். நீளக் கைப்பிடிக் கரண்டி வேண்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் கிண்டிய பிறகு தெறிப்பு அடங்கி, ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் நெய் ஊறி வரும். பனம்பழத்தின் நிறம் கரோட்டினாய்டு வகை, அது கொழுப்பில் கரையும். அதனால்தான் நெய்யே நிறம் ஏறி நிற்கிறது, கேசரிப் பவுடருக்கு வேலையே இல்லை. இந்தக் கட்டத்தில் பச்சை வாசம் போய், சுட்ட வாசனை மட்டும் மிஞ்சும். காறலும் நன்றாகத் தணிந்துவிடுகிறது, தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் அதை மூடுகிறது என்று தோன்றுகிறது.

இன்னொரு சட்டியில் ரவையை நெய்யில் வறுக்க வேண்டும். வாசனை வந்தால் போதும், சிவக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றி, கட்டி விழாமல் கிளறி, மூடி வேகவிட்டு, அப்புறம் காய்ச்சிய பழத்தைச் சேர்க்க வேண்டும். அது ரவையோடு இழைந்த பிறகு சர்க்கரை. இப்போது என் அளவு இது: ஒரு கப் ரவைக்கு ஒரு கப் வடித்த கூழ், அரைக் கப் தேங்காய்ப்பால், இரண்டு கப் தண்ணீர், ஒன்றேகால் கப் சர்க்கரை, மொத்தமாக அரைக் கப் நெய், ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். போடாததே மேல். ஏலக்காய் வந்ததும் எல்லாக் கேசரியும் ஒரே கேசரியாகிவிடுகிறது. முந்திரி இருக்கட்டும், திராட்சை வேண்டாம்.

கருப்பட்டிக்கு வந்தே ஆக வேண்டும். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, சாயல்குடிக் கருப்பட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வெள்ளைச் சர்க்கரையா என்று யாரும் கேட்பார்கள். நானும் ஆசையோடுதான் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றினேன். ஒரே மரத்துப் பொருள் இரண்டும், சேர்ந்தால் கொண்டாட்டம் என்று நினைப்போம். நடந்தது வேறு. கருப்பட்டியின் மணம் பழத்தை அமுக்கிவிட்டது, ஆரஞ்சு நிறம் மண் நிறமாகிவிட்டது. கருப்பட்டிக் கேசரியாக அது பிரமாதம், பனம்பழக் கேசரியாக அதில் ஒன்றும் இல்லை. பாதிக்குப் பாதி போட்டால் சமாதானமாகப் போகிறது, வீட்டில் பெரியவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்காகச் செய்யும்போது சர்க்கரைதான்.

எசன்ஸ் கேசரியோடு பக்கத்தில் வைத்தால் இது அழகில் ஒரு படி கீழே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பளபளப்பு வராது, தட்டில் கொட்டித் துண்டு போட்டால் ஓரம் கூர்மையாக நிற்காது. மறுநாள் சாப்பிடுவதானால் ஆவியில் சூடு காட்டினால் மறுபடி இளகும். தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் வெளியில் வைத்து நாள் கடத்தக் கூடாது.

இனி இருக்கும் வேலை, பருவம் முடிந்த பிறகும் இதைச் செய்ய முடியுமா என்று பார்ப்பது. ஃபிரீசரில் கூழ் நன்றாகவே நிற்கிறது, ஆனால் மீனுக்கு நடுவில் எவ்வளவு இடம் கிடைக்கும்? பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பனங்கூழைப் பாயில் தடவி வெயிலில் காயவைத்துப் பனாட்டு ஆக்கி வைத்துக்கொள்வார்கள். அதைப் பிடித்திருக்கிறேன். தட்டில் மெல்லிசாகத் தடவி, மேலே வலைத் துணி கட்டி மாடியில் வைத்தாயிற்று. ஒரு வரிசை காய்ந்ததும் அதன்மேல் அடுத்த பூச்சு. பகல் வெயிலில் காய்வதை ராத்திரி கடல் காற்று பாதி ஈரமாக்கிவிடுகிறது, அதனால் சாயங்காலமே தட்டை உள்ளே எடுத்துவிடுகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் உரித்தெடுக்கும் பதம் வந்துவிட்டால், வெந்நீரில் ஊறவைத்துத் தைப் பொங்கலுக்கு ஒரு சட்டி கிண்டிப் பார்க்கலாம்.