தகர டப்பாவில் ஆல்பா துகள்: ஃபெம்டோ ஆம்பியரை நேரலையில் பார்ப்பது

என் அயனி அறை (கதிர்வீச்சு காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தைச் சேகரிக்கும் டப்பா) இப்போது ஆல்பா துகள்களைத் தனித்தனித் துடிப்புகளாகத் திரையில் காட்டுகிறது. ஆறு சென்டிமீட்டர் அகல டின், நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் செம்புக் கம்பி, டின்னுக்குப் பதினொரு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து சுமார் 100 வோல்ட். கைதவறித் தொட்டாலும் ஆபத்தில்லாமல் இருக்க வரிசையில் 10 மெகா ஓம் ஒன்று. இவ்வளவுதான் அறை. வேலை வாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் பெருக்கி.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தோரியத்திலிருந்து வரும் கதிரியக்க வாயுவான தோரான் விடும் ஆல்பாவின் ஆற்றல் 6.3 மெகா எலக்ட்ரான் வோல்ட். காற்றில் ஒரு அயனி ஜோடி உண்டாக்க ஏறத்தாழ 34 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். முழு ஆற்றலும் காற்றிலேயே இறங்கினால் 1.85 லட்சம் ஜோடிகள், அதாவது 30 ஃபெம்டோ கூலும் மின்னூட்டம் (பிக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு, ஃபெம்டோ அதிலும் ஆயிரத்தில் ஒன்று). இது பத்தில் ஒரு வினாடியில் கம்பிக்கு வந்து சேர்ந்தால் 0.3 பிக்கோ ஆம்பியர். மல்டிமீட்டர் எட்டிக்கூடப் பார்க்காத அளவு.

பெரிதாக்குவது கஷ்டமில்லை. ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பின் பின்னூட்டத்தில் (வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில்) 10 ஜிகா ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் 0.3 பிக்கோ ஆம்பியர் 3 மில்லிவோல்ட் ஆகிவிடும். 1 ஜிகா ஓம் போதாதா என்று கேட்கலாம். 100 ஹெர்ட்ஸ் அகலத்தில் 1 ஜிகா ஓமின் வெப்ப இரைச்சல் மட்டுமே 40 ஃபெம்டோ ஆம்பியர் வரும். 10 ஜிகா ஓமுக்கு அது 13ஆகக் குறைகிறது. ரெசிஸ்டர் பெரிதாகப் பெரிதாக இரைச்சல் அடங்கும், ஆனால் வேகமும் போய்விடும். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே சர்க்யூட் படத்தில் யாரும் வரையாத ஒரு கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது 0.2 பிக்கோ ஃபாரட்தான் என்றாலும் 10 ஜிகா ஓமோடு சேரும்போது 2 மில்லி வினாடி. அதாவது 80 ஹெர்ட்ஸுக்கு மேல் பெருக்கிக்குக் காது கேட்காது. நுண்மின்னோட்டத்தை அளப்பதில் எனக்குப் பிடித்ததே இந்த இழுபறிதான்.

ஆப்-ஆம்ப் எல்எம்சி662. உள்ளீட்டில் அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் வழக்கமாக 2 ஃபெம்டோ ஆம்பியர் அளவில்தான் இருக்கும், விலையும் அதிகமில்லை. அதன் உள்ளீடான இரண்டாம் காலை மேலே வளைத்து, ரெசிஸ்டரையும் நடுக்கம்பியையும் காற்றிலேயே சால்டர் செய்தேன். அந்தப் புள்ளி போர்டைத் தொடவே கூடாது. கடலோர ஈரப்பதத்தில், ஃப்ளக்ஸ் கறை படிந்த போர்டின் கசிவே சிக்னலை விழுங்கிவிடும். ரெசிஸ்டரை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காயவைத்துத்தான் பொருத்தினேன்.

நடுக்கம்பியை டின்னில் தாங்க வைக்காதீர்கள். டின்னுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு டெரா ஓம் இன்சுலேட்டர் இருந்தாலும் 100 வோல்ட்டில் 100 பிக்கோ ஆம்பியர் கசியும். நாம் தேடுவதைவிட முந்நூறு மடங்கு. கம்பியைத் தாங்கும் டெஃப்லான் தூண் எர்த் தகட்டில் நிற்கிறது. கம்பியும் கிட்டத்தட்ட பூஜ்ய வோல்ட், தகடும் பூஜ்ய வோல்ட். கசிவதற்குக் காரணமே இல்லை. டின்னின் அடியில் பெரிய துளை போட்டு, கம்பி எதையும் உரசாமல் உள்ளே போகிறது. மொத்தத்தையும் எர்த் செய்த பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடியாயிற்று.

பெருக்கியின் வேகத்தைச் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. 1 பிக்கோ ஃபாரட் கெபாசிட்டர் வழியே முக்கோண அலையை உள்ளீட்டில் கொடுங்கள். வோல்ட்டேஜ் வினாடிக்கு ஒரு வோல்ட் வீதம் ஏறும்போது சரியாக 1 பிக்கோ ஆம்பியர் ஓடும். இறங்கும்போது அதுவே எதிர்த்திசையில். முக்கோணம் போட்டால் சதுரம் வருகிறது. அந்தச் சதுரத்தின் மூலை எவ்வளவு மழுங்கியிருக்கிறதோ அதுதான் பெருக்கியின் தாமதம். எனக்கு 2 மில்லி வினாடியை ஒட்டியே வந்தது. ரெசிஸ்டரின் நடுவே எர்த் செய்த மெல்லிய தகட்டை நிறுத்தியதும் மூலை கூர்மையானது கண்ணுக்கே தெரிந்தது.

அடுத்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். மூடிய டின்னுக்குள்ளும் கொஞ்சம் நுழைகிறது. வோல்ட்டேஜை எண்ணாக்கும் ஏடிஎஸ்1256 மாற்றியை வினாடிக்கு 1000 அளவு எடுக்க வைத்து, கடைசி 20 அளவுகளின் சராசரியை ஒவ்வொரு மில்லி வினாடியும் புதுப்பிக்கிறேன். 20 மில்லி வினாடி என்பது வீட்டு மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று, அதனால் மேலும் கீழும் கழிந்துபோகும். கணக்குப்படி மிஞ்சும் வெப்ப இரைச்சல் 6 அல்லது 7 ஃபெம்டோ ஆம்பியர்.

இவ்வளவுக்குப் பிறகும் துடிப்புகள் பத்தில் ஒரு வினாடி அகலம்! பெருக்கி 2 மில்லி வினாடி, சராசரி 20 மில்லி வினாடி. மீதித் தாமதம் காற்றினுடையது. ஆக்சிஜன் எலக்ட்ரானை உடனே பிடித்துக்கொள்கிறது. கனமான அயனி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் புலத்தில் வினாடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் நகரும். என் டின்னுக்குக் கணக்கிட்டால் 0.12 வினாடி. திரையில் தெரிவதும் அதுவே.

பக்கத்தில் நடந்தால்கூட கோடு துள்ளுகிறது. 100 வோல்ட் இருக்கும் இடத்தில் கம்பி அதிர்ந்து கெபாசிட்டன்ஸ் ஒரு ஃபெம்டோ ஃபாரட் மாறினாலே 100 ஃபெம்டோ கூலும் வந்துவிடும், ஆல்பாவைவிட மூன்று மடங்கு. தடித்த குட்டைக் கம்பியும் அடியில் ஸ்பாஞ்சும் பெரும்பாலும் போதுமாக இருக்கின்றன.

இனி தோரான். தோரியம் கலந்த பழைய வகை பெட்ரோமாக்ஸ் மேன்டிலை பிளாஸ்டிக் புட்டியில் மூடி வைத்திருக்கிறேன் (நம் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் இருப்பதும் இதே தோரியம்தான்). எரித்த மேன்டில் வேண்டாம், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. ஜன்னலோரம் வைத்து, புட்டியை அமுக்கி உள்ளிருக்கும் காற்றை மட்டும் அறைக்குள் செலுத்தினேன். துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கோடே உயர்ந்துவிட்டது. பிறகு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் பாதி, மறுபடி அதே நேரத்தில் அதில் பாதி. தோரானின் அரை ஆயுள் 55.6 வினாடி. ரதர்ஃபோர்டு 1900இல் மான்ட்ரியலில் எலக்ட்ரோமீட்டரை வைத்துக்கொண்டு கண்ட அதே சரிவு என் மேசைமேல் இறங்குவதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

கோடு அடங்கி, துடிப்புகள் பிரிந்து வரத் தொடங்கியபோது பல துடிப்புகளுக்கு இரட்டைத் திமில் இருந்தது. தோரான் சிதைந்து வரும் பொலோனியம்-216இன் அரை ஆயுள் 0.145 வினாடிதான்; முதல் ஆல்பாவின் அயனிகள் கம்பிக்கு வந்து சேரும் முன்பே பல சமயம் இரண்டாவது ஆல்பா கிளம்பிவிடும். வேகமாக அளப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தத் திமில்களைத்தான் காட்டுவேன்.

மறுநாளும் அறை முழுதாக அமைதியாகவில்லை. அந்தப் பொலோனியம் சிதைந்து வரும் ஈயம்-212 கம்பியிலும் டின்னிலும் படிந்துவிடுகிறது, அதன் அரை ஆயுள் 10.6 மணி. அது தீரும்வரை பின்னணி அளவை எடுப்பதில் பயனில்லை.

அதற்குள் தட்டையான அறை ஒன்றை வெட்டத் தொடங்கியிருக்கிறேன்: இரண்டு தகடுகள், நடுவே 2 சென்டிமீட்டர். அதே 100 வோல்ட்டில் அயனி 27 மில்லி வினாடியில் கடந்துவிடும். ஆல்பாவின் பாதை முழுவதும் உள்ளே அடங்காது, மின்னூட்டம் குறையும். ஆனால் வந்து சேரும் நேரம் அதைவிட அதிகமாகக் குறைவதால் துடிப்பின் உயரம் கூடத்தான் வேண்டும். திமில்கள் தனித்தனியாகப் பிரிந்தால், ஒவ்வொரு ஜோடியின் இடைவெளியையும் அளந்து 0.145ஐ நானே எடுத்துவிடலாம்.