ஒரு நாற்சார் வீட்டை ஆர்டிஎஃப்பில் எழுதிய கதை

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் உறவுக்காரர் ஒருவரின் பழைய நாற்சார் வீட்டுக்கு, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீட்டுக்கு, ஓடு மாற்றப் போகிறார்கள். அதற்கு முன் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைப் பின்னால் தேடிப் பார்க்கக்கூடிய மாதிரிப் பதிந்து தரச் சொன்னார்கள். வரைபடம் கையில் இருந்தது, ஆனால் "தெற்குப் பக்கப் பீலி உக்கினால் எந்த அறைச் சுவர் நனையும்" என்று வரைபடத்திடம் கேட்க முடியாதே (பீலி என்றால் கூரைத் தண்ணீரை வடிக்கும் வாய்க்கால்). அதனால் ஆர்டிஎஃப்பில் எழுதினேன்: 'இது இதைத் தொடுகிறது' என்ற மாதிரிச் சிறு வாக்கியங்களாகத் தரவை எழுதும் முறை அது.

எடுத்தது பிஓடி, அதாவது பில்டிங் டொபோலொஜி ஒன்டொலொஜி: கட்டடத்தின் எந்தப் பகுதி எதோடு ஒட்டியிருக்கிறது, எதற்குள் இருக்கிறது என்று சொல்வதற்கான சொற்களஞ்சியம். டபிள்யூ3சியின் லிங்க்ட் பில்டிங் டேட்டா சமூகக் குழு செய்தது. கட்டடத் தரவைப் பரிமாறும் பெரிய தரமான ஐஎஃப்சியை முழுதாக ஓடபிள்யூஎல் என்ற ஒன்டொலொஜி மொழிக்குக் கொண்டுவந்த வடிவமும் இருக்கிறது, ஒரு வீட்டுக்கு அது தேவைக்கு மிஞ்சிய பாரம். பிஓடியில் அடிப்படையாக மூன்றே வகுப்புகள்: ஸோன் (இடம்), எலிமென்ட் (கட்டடப் பாகம்), இன்டர்ஃபேஸ் (இரண்டு சந்திக்கும் பரப்பு). வளவு, கட்டடம், மாடி, அறை (இதன் பெயர் ஸ்பேஸ்) எல்லாம் ஸோனின் உள்வகைகள். சுவர், கதவு, பீலி எல்லாம் எலிமென்ட்.

முதல் இழுபறி முற்றத்தோடு. கூரையே இல்லாத இடத்தை ஸ்பேஸ் என்று எழுதலாமா? பின்னால் நின்று பார்த்த பெரியம்மாவும் "உதென்ன தம்பி, முற்றத்தையும் அறை எண்டு எழுதுறியோ?" என்று கேட்டுவிட்டார். எழுதலாம். பிஓடி ஸ்பேஸுக்குத் தரும் வரையறை, நிஜச் சுவராலோ மனதில் வரைந்த எல்லையாலோ வரையறுக்கப்பட்ட முப்பரிமாண இடம் என்றுதான் சொல்கிறது, கூரையைப் பற்றிப் பேச்சே இல்லை.

உள் விறாந்தை அதைவிடச் சிக்கல். முற்றத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஓடுவதால் ஒரே ஸ்பேஸ் என்று வைக்கத்தான் கை போகும், ஆனால் அப்படி வைத்தால் வீட்டின் எல்லா அறையும் அதற்குப் பக்கத்து அறையாகிவிடும், வடக்கா தெற்கா என்ற விவரம் போய்விடும். அதனால் முழு விறாந்தையையும் வெறும் ஸோனாக வைத்து, நாலு பக்கத்தையும் நாலு ஸ்பேஸாக அதற்குள் போட்டேன். பீலிக் கேள்விக்கு விடை வந்தது இதனால்தான்: பீலி தொடும் விறாந்தைப் பக்கம், அந்தப் பக்கம் தொடும் சுவர், அந்தச் சுவரின் மறுபுறம் இருக்கும் அறை என்று ஸ்பார்க்கிள் என்ற ஆர்டிஎஃப் தேடல் மொழியில் ஒரே கேள்வியில் போய்ச் சேரலாம்.

ஒரு சுவரை இரண்டு அறைகள் தொட்டால் அவை பக்கத்து அறைகள் என்று ரீசனர் (எழுதியதிலிருந்து எழுதாத உறவுகளை ஊகிக்கும் மென்பொருள்) தானே கண்டுபிடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிஓடி அதைச் செய்யாது, செய்யாமல் இருப்பதும் சரிதான். இந்த வீட்டின் கிழக்கு வெளிச்சுவர் ஒரே நீளச் சுவர், சாமி அறையும் நெல்லு அறையும் இரண்டுமே அதைத் தொடுகின்றன, ஆனால் நடுவில் இன்னொரு அறை இருக்கிறது. அப்படி ஒரு விதியைப் போட்டால் நெல்லு மூட்டையெல்லாம் சாமிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே 'பக்கத்து இடம்' என்று சொல்லும் அட்ஜேசன்ட் ஸோன் உறவை ஒவ்வொன்றாகக் கையால் எழுத வேண்டியிருந்தது. அந்த உறவு சமச்சீரானது, ஒரு பக்கம் எழுதினால் மறு பக்கத்தை ரீசனர் எழுதிக்கொள்ளும், அந்த அளவுக்கு உபகாரம்.

திண்ணையிலும் ஒரு வேலை இருந்தது. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டு என்றால் எலிமென்ட், ஆட்கள் இருந்து கதைக்கும் இடம் என்றால் ஸோன். இரண்டு வகுப்பும் ஒன்றையொன்று விலக்குபவை என்று பிஓடி அறிவித்திருக்கிறது. என்ன ஆகிறது பார்ப்போம் என்று ஒரே பெயருக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தால் புரொட்டேஜே என்ற ஒன்டொலொஜி எடிட்டரில் ரீசனர் முரண்பாடு என்று நின்றுவிட்டது. சரி என்று கட்டுக்கு ஒரு பெயர், மேலே இருக்கும் இடத்துக்கு ஒரு பெயர் என்று பிரித்தாயிற்று.

தேடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. 'இதற்குள் அது இருக்கிறது' என்று சொல்லும் கன்டெய்ன்ஸ் ஸோன் உறவு கடத்தும் தன்மை உள்ளது (வளவுக்குள் வீடு, வீட்டுக்குள் அறை என்றால் வளவுக்குள் அறை), ஹாஸ் பில்டிங், ஹாஸ் ஸ்பேஸ் எல்லாம் அதன் உள் உறவுகள். ஆகவே வளவுக்குள் எந்தெந்த அறை என்று கேட்டால் ரீசனர் ஓடிய தரவில் நேரே விடை வரும். ரீசனர் இல்லாத சேமிப்பில் அதே கேள்விக்கு ஒன்றும் வராது, ஏனென்றால் நீங்கள் எழுதியது ஹாஸ் ஸ்பேஸ், கேட்பது கன்டெய்ன்ஸ் ஸோன். அங்கே உள் உறவுகள் எல்லாவற்றையும் 'அல்லது' என்று பொருள்படும் நிமிர்கோடு போட்டுச் சேர்த்து, கடைசியில் 'ஒரு முறையோ பல முறையோ' என்று பொருள்படும் கூட்டல் குறி வைத்துக் கேட்க வேண்டும். மாடி என்ற படியை நான் போடவேயில்லை, ஒற்றைத் தள வீடு, ஹாஸ் ஸ்பேஸ் கட்டடத்திலிருந்து நேராகவே போகும்.

பக்கத்து அறை என்பதும் போய்வரக்கூடிய அறை என்பதும் வேறு. குசினிக்கும் அடுத்த அறைக்கும் இடையில் கதவே இல்லை, சுவர் மட்டும்தான். வழி தெரிய வேண்டுமென்றால் இரண்டு அறையையும் தொடும் எலிமென்ட் கதவா என்று பார்க்க வேண்டும், ஆனால் கதவு, யன்னல் என்ற வகைகளே பிஓடியில் கிடையாது. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள், அதற்கு வேறு சொற்களஞ்சியத்தைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வளவு வாசலில் கூரை போட்டுக் கட்டிய சங்கடப் படலைதான் இன்னும் பாக்கி. தனிக் கூரை இருக்கிறது, இருக்கத் திட்டும் இருக்கிறது, ஆனால் அதைக் கட்டடம் என்று சொல்ல மனம் வரவில்லை. இப்போதைக்கு வளவுக்குள் ஒரு வெறும் ஸோனாக இருக்கிறது, பெரியம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.