குக்கம்: அன்னம் எண்ணி முடித்த அடுத்த வாரம்

26 ஜூலை 2024, வெள்ளி

நாளைக்கு அக்காவோடு இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிற குக்கம் கிராமத்துக்குப் போகிறேன். தேம்ஸில் அன்னம் எண்ணுவதைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே, ஆனால் அது போன வாரமே முடிந்துவிட்டது என்று இன்று ராத்திரிதான் தெரிந்தது. ஜூலை மூன்றாவது வாரம் அரசரின் ஆட்களும் லண்டனின் பழைய வணிகச் சங்கத்து ஆட்களும் ஐந்து நாள் துடுப்புப் படகில் வந்து, குஞ்சுகளைப் பிடித்து எடை போட்டு, தூண்டில் நரம்பு சிக்கிக் காயம் பட்டிருக்கிறதா என்று பார்த்து விட்டுவிடுவார்கள். ஜூலை கடைசி என்று நானாக நினைத்துக்கொண்டேன். சரி, டிக்கெட் எடுத்தாச்சு.

27 ஜூலை, சனி

மெய்டன்ஹெட்டில் இறங்கி மார்லோ போகிற குட்டி ரயிலில் ஏறினோம். கடைத்தெரு சின்னதுதான். அதன் கோடியில் பழைய மெதடிஸ்ட் ஜெபக்கூடம், அதுதான் இப்போது ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சரின் ஓவியக்கூடம். 1891இல் இதே தெருவில் பிறந்தவர், சின்ன வயதில் அம்மாவோடு இங்கேதான் ஜெபத்துக்கு வந்தாராம்.

உள்ளே என்னை நிறுத்தியது ஒரு பழைய குழந்தைத் தள்ளுவண்டி. சட்டம், தூரிகை, குடை எல்லாவற்றையும் அதில் அடுக்கி ஊருக்குள் தள்ளிக்கொண்டே போய்ப் படம் போட்டிருக்கிறார். "ஏன்டா, ஊர் சிரிச்சிருக்காது?" என்றாள் அக்கா. சிரித்திருக்கும். படகுப் பந்தயத்தில் ஏசு பிரசங்கம் செய்கிற பெரிய படம் ஒன்றும் அங்கே இருக்கிறது, 1959இல் அவர் சாகும்போது முடியாமல் நின்றது. ஒரு பக்கம் வண்ணம், இன்னொரு பக்கம் வெறும் பென்சில் கோடு. எனக்கு அந்தப் பென்சில் பக்கம்தான் அதிகம் பிடித்தது.

அன்னம் பிடிக்கிற படமும் அவர் போட்டிருக்கிறார். 1915இல் தொடங்கி, பாதியில் போருக்குப் போய், மாசிடோனியாவிலிருந்து திரும்பி வந்து 1919இல் முடித்திருக்கிறார். நான்கு வருஷம் அது வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்ததை நினைத்தால், ஒரு வாரம் தவறவிட்டதற்கு நான் புலம்பக் கூடாது.

அப்புறம் கோவில் கல்லறைத் தோட்டம். செத்தவர்கள் எழுந்து சோம்பல் முறிக்கிற 18 அடி நீளப் படத்தை அவர் இந்த இடத்தை வைத்துத்தான் வரைந்தார். அதில் அவர் மனைவி ஹில்டா ஒரே சமயத்தில் மூன்று நான்கு இடத்தில் வருவார். நிஜத்தில் சாய்ந்த கற்கள், வெட்டாத புல், யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில். பக்கத்திலேயே ஆறு.

பாலத்துக்குக் கீழே ஓர் அன்னம், பின்னால் சாம்பல் நிறத்தில் நான்கு குஞ்சு. அக்கா கிட்டே போனதும் பெரியது சீறியது, அவள் அலறியதில் பாதிக் கரை திரும்பிப் பார்த்தது.

28 ஜூலை, ஞாயிறு

போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அன்னம் யாருடையது என்று காட்ட அந்தக் காலத்தில் அலகில் கீறுவார்களாம்: ஒரு கீறல் என்றால் சாயக்காரர் சங்கத்துடையது, இரண்டு என்றால் மது வணிகர் சங்கத்துடையது, கீறல் இல்லாதது அரசருடையது. இப்போது காலில் வளையம்தான் போடுகிறார்கள். எட்டு போட்டோவிலும் கழுத்து, இறகு, அக்காவின் கை எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது, கால் மட்டும் தண்ணீருக்குள்ளே.