எல்லாரும் பேசுற மொழிக்கு உத்தரவு எதுக்கு?

அமெரிக்காவில இருக்கிற மச்சான் ராவு கோல் எடுத்தான். "2025 மார்ச் 1ல ட்ரம்ப் இங்கிலீஸ அரசகரும மொழியாக்கினது நல்லதுதானேடா, எல்லாரும் அதைத்தானே பேசுறாங்க" எண்டான்.

எல்லாரும் பேசினா மறுகா உத்தரவு என்னத்துக்கு மச்சான்? இங்கிலீஸ் தெரியாத சனத்துக்கு மொழி உதவி குடுக்கச் சொல்லி 2000ல கிளின்டன் போட்ட உத்தரவையும் அதோட ரத்துச் செய்தாங்களே, விசயம் அங்கதான் கிடக்கு.

நமக்கு இலங்கையில 1956ல தனிச்சிங்களச் சட்டம். 1987ல அரசியலமைப்புக்கு 13ஆம் திருத்தம் வந்து தமிழும் அரசகரும மொழி, இங்கிலீஸ் இணைப்பு மொழி. எழுத்தில எல்லாம் வடிவாத்தான் இருக்கு. போன கிழமை அம்மாக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களம். கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய் ஒருத்தரைப் பிடிச்சு வாசிச்சா, அடையாள அட்டைப் பிரதி ஒண்டு அனுப்பட்டாம்!