கோச் மாறேக்க அசிஸ்டன்டப் பாருங்கோ

எங்கட வன்னியில பின்னேரமானா ஊர்ப் பெடியள் வொலிபோல் நெற்றக் கட்டிப்போடுவினம், தேசிய விளையாட்டும் அதுதானே, ஆனா சம்பளத்துக்குக் கோச் எண்டு ஒராள் இருக்கிறது குறைவு, முந்தி விளையாடின அண்ணாமார்தான் சொல்லிக் குடுக்கிறது.

அமெரிக்கன் கொலிஜ் வொலிபோல் வேற உலகம். 2025 ஜனவரியில நெப்ராஸ்கா யூனிவர்சிற்றி பெண்கள் ரீம் கோச் ஜோன் குக் 25 சீசனுக்குப் பிறகு ரிட்டயர் ஆக, உடனயே லூயிவில் யூனிவர்சிற்றி கோச் டானி பஸ்பூம் கெல்லியைக் கூட்டிக்கொண்டு வந்திட்டினம். அவ 2006இல அதே நெப்ராஸ்காவுக்கு விளையாடி சாம்பியன் ஆனவ, பிறகு குக்குக்குக் கீழயே அசிஸ்டன்டா நிண்டவ. சரி, லூயிவில் என்ன செய்தது? தூரத்தில தேடேல்ல, கூட இருந்த அசிஸ்டன்ட் டான் மெஸ்கியையே ஹெட் கோச்சாக்கினது.

எனக்கு இது சரியாத்தான் படுது. பிள்ளையளைத் தேடிப் பிடிக்கிறதில பாதி வேலை அசிஸ்டன்ட்மாற்றதான், புது முகம் வந்தா பிளேயர்ஸ் டிரான்ஸ்பர் எடுத்து வேற கொலிஜுக்குப் போயிடுவினம் (இப்ப அது லேசு). எங்கட கிளப்புகளும் கோச்சுக்குப் பக்கத்தில ஒராளை இப்பவே பழக்கலாம், கோச் வெளிநாடு போன பிறகு ஆள் தேடி ஓடித் திரியாம.