எனக்குத் தோன்றியது, மிஷின் சொன்னது

டிஸ்சார்ஜ் தாளில் எல்லாம் இருந்தது. எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி, அடுத்து எப்போது வர வேண்டும், எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும். விளக்கை அணைத்துப் படுத்ததும் நெஞ்சைக் கவ்விக்கொண்டு ஒரு பயம் வருமே, அதற்கு என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரி இல்லை. நிமோனியாவில் இருந்து தேறிவரும் யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. தணிக்கை வேலை பார்ப்பவன், அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தே ஐம்பதைத் தாண்டியவன். இதில் வரும் யோசனைகளிலும் அந்த வாடை அடிக்கும்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை எனக்குப் பயமே இல்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், கையில் டிரிப்ஸ், தலைமாட்டில் மானிட்டர். ஏதாவது ஆனால் ஓடிவர ஆள் இருக்கிறது என்ற தைரியம். பக்கத்துப் படுக்கைக்காரரை ஒரு ராத்திரி அவசரமாக ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதுகூட நான் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டேன். அந்தக் காட்சி முழுசாக என்னிடம் வந்து சேர்ந்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான். சக்கரங்களின் கடகட சத்தம், ஒரு காலில் செருப்போடும் இன்னொன்றைக் கையில் பிடித்தபடியும் பின்னால் ஓடிய அவருடைய மனைவி. கட்டிலில் படுத்தால் போதும், அந்த அம்மா ஓட ஆரம்பித்துவிடுவார்.

வீட்டில் மானிட்டர் கிடையாது. அதனால் நானே மானிட்டர் ஆனேன். ஒவ்வொரு மூச்சையும் கண்காணித்தேன். உள்ளே போனது போதுமா, வலப்பக்கம் ஏன் இழுக்கிறது, இந்த இருமல் நேற்றைய இருமலா, புதுசா. மூச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கவனிக்காதவரை தானாக நடக்கும். கவனித்தால் உடனே நம் கைக்கு வந்துவிடும், நாமே ஓட்ட வேண்டியதாகிவிடும். ராத்திரி முழுக்க மூச்சை நானே ஓட்டிக்கொண்டிருந்தால் தூங்குவது எப்போது?

வயிற்று நோய் வந்தவருக்குப் பயம் வந்தால் அது நெஞ்சில் படபடக்கும். நோய் வேறு, பயம் வேறு என்று அவருக்காவது தெரியும். நமக்கு அந்த வசதியும் இல்லை. நிமோனியாவில் நுரையீரலின் காற்றுப்பைகளில் நீரும் சீழும் சேர்ந்து மூச்சு முட்டுகிறது. பயத்திலும் மூச்சு முட்டுகிறது. நெஞ்சு இறுக்கம், படபடப்பு, வியர்வை எல்லாம் இரண்டிலும் உண்டு. எது எது என்று உள்ளே இருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம்.

மகள் ஒரு ஆக்ஸிமீட்டர் வாங்கி வந்தாள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சின்ன மிஷின். எண் கைக்கு வந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எண்களோடு குடித்தனம் நடத்துகிறவன் அல்லவா. நடந்தது வேறு. 96 என்று காட்டினால் அடுத்த நிமிடமே, இறங்கியிருக்குமோ என்று மறுபடியும் மாட்டினேன். 94 வந்தால் தூக்கம் போச்சு. மனைவிக்குத் தெரியாமல் போர்வைக்குள் மாட்டிக்கொள்வேன். அதன் சிவப்பு வெளிச்சம் போர்வையைத் தாண்டித் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இருட்டில் குரல் வரும்: "என்னங்க, மறுபடியும் மாட்டிக்கிட்டீங்களா?"

ஒரு ராத்திரி 89 காட்டியது. எழுந்து உட்கார்ந்தேன். உதட்டைச் சுற்றி மரத்துப்போனது, விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல் இருந்தது, தலை சுற்றியது. மனைவி என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கே" என்று சொல்லி உள்ளங்கையில் தேய்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதே விரலில் 97.

அப்புறம்தான் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன். 1970-களில் டகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர் கண்டறிந்த உத்தி அது. விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கணக்கிடுகிறது. கவனியுங்கள், கணக்கிடுகிறது. விரல் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தாலோ, கை நடுங்கினாலோ, நகப்பூச்சு இருந்தாலோ அந்தக் கணக்கு தப்பும். தோல் கருமையாக இருப்பவர்களுக்கு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டவும் செய்யலாம். பயந்தால் விரல் குளிரும், கை நடுங்கும். ஆக, பயந்தவன் விரலில் மாட்டினால் அது பயமுறுத்தும் எண்ணைக் காட்ட எல்லா நியாயமும் இருக்கிறது. வாடிக்கையாளர் இப்படி ஒரு மதிப்பீட்டைக் கொண்டுவந்தால் கையெழுத்து போடுவேனா நான்?

மரத்துப்போன உதட்டுக்கும் காரணம் உண்டு. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்கும் கார்பன்-டை-ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் விரலும் உதடும் மதமதக்கும், தலை லேசாகும், நெஞ்சு இறுகும், காற்று போதவில்லை என்று தோன்றும். தோன்றியதும் இன்னும் வேகமாக இழுப்போம். ஆக்ஸிஜன் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும்போதே, காற்று இல்லை என்று தவிக்கிற கூத்து இது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது இதையெல்லாம் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அது பெரிய விஷயம். ஒரு தாளை எடுத்து, "இதுல ஏதாவது நடந்தா நேரம் காலம் பார்க்காம வாங்க. இதுல இல்லாதது காலையில பார்த்துக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் போவது. உதடு நீலம் பாரிப்பது. விட்டுப்போன காய்ச்சல் திரும்ப வருவது. இருமலில் ரத்தம். புதிதாக நெஞ்சுவலி. வீட்டில் இருப்பவர்கள் பார்த்து, இவர் பேச்சில் குழப்பம் இருக்கிறது என்று நினைப்பது. கையைச் சூடாக்கி, அசையாமல் வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்தும் எண் 92-க்குக் கீழேயே நிற்பது. இந்த 92 எனக்கு அவர் சொன்ன அளவு. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அளவு வேறாக இருக்கும், உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாளை அலமாரிக் கதவில் ஒட்டினோம். எது ஆபத்து என்று நடுராத்திரியில் நான் முடிவு செய்ய வேண்டிய வேலை அதோடு போயிற்று. பகலில், தெளிந்த புத்தியோடு ஒருவர் முடிவு செய்துவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். எனக்குக் கொடுத்திருந்த ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், மனசைப் பரபரப்பாக்கும். மருந்தைப் புகைபோல் மூச்சில் செலுத்தும் நெபுலைசரில் போகும் சால்பூட்டமால், அதாவது மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து, கையை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். நான் ஸ்டீராய்டை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தேன். காலைக்கு மாற்றச் சொன்னார். பயத்தில் கால்வாசி அதிலேயே கழிந்தது என்று நினைக்கிறேன். மாத்திரை செய்கிற வேலையை எல்லாம் என் கோழைத்தனத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இனி மகள் போட்ட ஏற்பாடு. மிஷினை என்னிடமிருந்து அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். காலையும் மாலையும் அவளே பார்ப்பாள். நடுவில் நான் கேட்டால் மறுக்காமல் தருவாள், ஆனால் ஒரு நிபந்தனை. "அப்பா, முதல்ல என்ன செய்யுதுன்னு சொல்லுங்க. எவ்வளவு காட்டும்னு நினைக்கிறீங்களோ அதையும் சொல்லுங்க. அப்புறம் மாட்டலாம்." ஒரு பழைய நோட்டில் இரண்டு பத்தி போட்டாள். 'அப்பாவுக்குத் தோன்றியது', 'மிஷின் சொன்னது'.

தோன்றியது 88, சொன்னது 96. தோன்றியது 85, சொன்னது 97. தோன்றியது "ரொம்ப மோசம்", சொன்னது 95. பக்கம் நிரம்பியது. இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு ஒழுங்காக ஒரே பக்கமாகச் சாய்ந்த மதிப்பீட்டை நான் பார்த்ததில்லை. அவ்வப்போது தப்பினால் பிழை. எல்லா வரியிலும் ஒரே திசையில் தப்பினால், எழுதுகிற ஆளுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குள் உட்கார்ந்து எழுதுகிறவரின் நோக்கம் என்னைக் காப்பாற்றுவது. அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது, ஆனால் அவர் அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் தேவையில்லை. "பயப்படாதீங்க" என்று ஊரே சொன்னபோது குறையாதது அந்தப் பக்கத்தைப் பார்த்துக் குறைந்தது. பல தடவை, என்ன செய்கிறது என்று மகளிடம் வார்த்தையாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதி இறங்கிவிடும். மிஷினைக் கேட்காமலே திரும்பி வந்து படுத்திருக்கிறேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றி நிறைய எழுதலாம், வேண்டாம். நிமோனியாவில் போய்ச் சேர்ந்த தன் பெரியப்பாவின் கதையை என் கட்டிலில் உட்கார்ந்தே சொல்லிவிட்டுப் போனவர் நல்ல மனுஷர்தான்.

மூச்சுப் பயிற்சியில் எனக்குக் கைகொடுத்தது ஒன்றுதான். உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்வேன். மூக்கால் சாதாரணமாக இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான பானத்தை ஊதுவது போல் மெதுவாக, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுவேன். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பும் மெல்லத் தணியும். "ஆழமா இழுங்க, ஆழமா இழுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்பவர்கள் பேச்சைப் பயம் வந்த நேரத்தில் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் நாம் ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று பந்து வைத்த கருவியில் ஆழமாக இழுக்கும் பயிற்சி நல்லதுதான், அதைப் பகலில் நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

படிக்கட்டு தனிக் கதை. மாடிக்கு ஏறினால் மூச்சு இரைக்கும், இரைத்தால் பயம் வரும் என்று கீழேயே படுக்கையைப் போட்டுக்கொண்டேன். ஏறாததால் கால் தளர்ந்தது, தளர்ந்ததால் இன்னும் சீக்கிரம் இரைத்தது. டாக்டரின் சம்மதத்தோடு ஏற ஆரம்பித்தேன். முதலில் திருப்பம் வரை. அங்கே கைப்பிடியைப் பிடித்து நின்று, இரைப்பு தானாக அடங்கும்வரை காத்திருப்பேன். மேலே ஓடவும் இல்லை, கீழே இறங்கி ஓடவும் இல்லை. அடங்கிவிடுகிறது! அதைக் கண்ணால் பார்ப்பது போல உடம்பால் பார்க்க வேண்டியிருந்தது. இரைப்பு ஏறும், நிற்கும், இறங்கும். உடற்பயிற்சி செய்கிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிற அதே இரைப்புதான். மேல்மாடி வரை போய்ச் சேர்ந்த அன்று நின்று பேசவே முடியவில்லை, ஆனால் பயமும் வரவில்லை.

தேறுவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று தெரிந்திருந்தாலே பாதிக் கவலை போயிருக்கும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலில் நோயாளிகளுக்குச் சொல்லச் சொல்லி ஒரு கால அட்டவணையே இருக்கிறது. 1 வாரத்தில் காய்ச்சல் விட வேண்டும். 4 வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் வெகுவாகக் குறையும். 6 வாரத்தில் இருமலும் இரைப்பும் வெகுவாகக் குறையும். 3 மாதத்தில் பெரும்பாலான தொந்தரவுகள் தீர்ந்தும் அசதி மிச்சம் இருக்கலாம். பெரும்பாலானோர் பழையபடி ஆக 6 மாதம் வரை ஆகலாம். நான் இரண்டாவது வாரத்திலேயே, இன்னும் ஏன் இருமுகிறேன் என்று விசாரணைக் கமிஷன் வைத்திருந்தேன். எக்ஸ்ரேயும் அப்படித்தான். உடம்பு தேறிய பிறகும் படத்தில் வெள்ளை மங்கல் சில வாரம் நிற்கும். அதனால்தான் மறுபடம் எடுப்பதானால் 6 வாரம் போலக் கழித்து எடுக்கச் சொல்கிறார்கள்.

அந்த அம்மா மட்டும் செருப்போடு ஓடுவதை நிறுத்தவில்லை. வண்டி ரிவர்ஸ் எடுக்கிற பீப் சத்தம் கேட்டால்கூட வார்டு வந்துவிடும். இதற்கு நோட்டும் படிக்கட்டும் போதவில்லை. டாக்டரிடம் தனியாகச் சொன்னேன், மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். கடுமையான நோயில் கிடந்தவர்களுக்கு, அதுவும் ஐசியூவில் இருந்தவர்களுக்கு, இப்படிப் படம் ஓடுவது சகஜம் என்றார் அவர். அந்த ராத்திரியை முதலில் இருந்து கடைசி வரை என்னைச் சொல்ல வைத்தார். சொல்லும்போதுதான், பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன ஆனார் என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்குமோ என்ற பயம். இன்னும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்று தோன்றுகிறது, யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

போன மாதம் சளி பிடித்தது. முதல் தும்மலுக்கே பழைய ஆள் பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மகளைக் கூப்பிட்டு, "93 காட்டும்னு தோணுது" என்றேன். அவள் மிஷினைத் தேடினாள். எங்கே வைத்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒருவழியாக எடுத்துப் போட்டால் பேட்டரி இல்லை. மறுநாள் வாங்கிப் போட்டுப் பார்த்தோம், 97. நடுவில் ஒரு ராத்திரி போயிருந்தது. தூங்கினேன், ஆனால் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும், அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன்.